அடி தேயாத செருப்பு

1

போன மாதம் எனக்கு ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்வது. பத்து வருஷம் ஒரே மியூசியத்தில், ஒரு படத்தையும் கீழே தள்ளாமல் நின்றதற்காக. டைரக்டர் கையைக் குலுக்கி, "சாம், இந்தக் கட்டடத்துக்கு நீங்கள் ஒரு தூண்" என்றார். சரிதான். தூணையும் யாரும் உட்காரச் சொல்வதில்லை.

என் பெயர் சாமிக்கண்ணு. இங்கே முதல் நாளே அதில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடமே விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் வடக்கே, செங்கல் வீடுகளும் தூறலுமாக இருக்கும் ஒரு நகரம். நான் இங்கே வந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல. என் மனைவி புஷ்பம் நர்ஸ். அவளை ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவள் கொண்டுவந்த சாமான்களில் நானும் ஒன்று. மற்ற சாமான்கள் வந்த முதல் வாரமே உபயோகப்பட்டன. எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

என் வேலை இதுதான். மரத்தரை போட்ட பெரிய கூடத்தில் நிற்பது, யாராவது படத்தருகில் விரலைக் கொண்டுபோனால் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்பது. வந்த புதிதில் இதைப் பெருமையாக அப்பாவுக்கு எழுதினேன். "வெள்ளைக்காரங்களப் பாத்துத் தொடாதேன்னு சொல்ற வேலைப்பா. அதுக்குச் சம்பளமும் தராங்க." எங்கள் தெருவில் கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் தபால்காரர்தான். ஒரு மாதம் கழித்து நீல உறையில் அப்பாவின் பதில் வந்தது. "யாரையும் அப்பிடிச் சொல்லாதப்பா. மனசு கஷ்டப்படுவாங்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. விரலை நீட்டுகிறவர் பக்கத்தில் போய் நின்று இருமினேன். சூப்பர்வைசர் என்னை டாக்டரிடம் அனுப்பினார்.

2

இதைப் படிக்கிறவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று எப்படியும் கேட்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

உடையார்பாளையத்துக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவில், முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு ஊர். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே தள்ளி இருந்தது. பஸ் நிற்கிற இடம் மேற்கே. நடுவில் ஊர்த்தெரு. பஸ் ஏற வேண்டுமென்றால் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஊர்த்தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பண்ணை வீட்டு ஆள். அவருக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு இருந்தது. கல்யாணத்துக்கு ஜெயங்கொண்டம் சந்தையில் வாங்கியது. ஊர்த்தெருவைத் தாண்டியதும் போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அப்பா போட மாட்டார். பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொள்வார். எனக்குப் பாஸ்போர்ட்டுக்கு ஏதோ ஒரு சான்றிதழ் வேண்டுமென்று பெரம்பலூரில் ஓர் ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தோம். மூன்று தடவையும் சித்திரை வெயில். தார் உருகி ஒட்டுகிற ரோட்டில் அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

"போட்டுக்கப்பா. இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"தெரியாதுதான். தெரிஞ்சவன் எவனாச்சும் அடுத்த பஸ்ஸுல எறங்குனான்னா?"

நான் கிளம்பிய அன்று அரியலூர் ஸ்டேஷனுக்கும் அப்படியே வந்தார். ரயில் வருவதற்கு மணி அடித்ததும், செருப்பைத் துண்டால் துடைத்து என் பெட்டிக்குள் வைத்தார். "நீ வச்சுக்க. அங்கல்லாம் ஊர்த்தெரு கெடையாதாம்ல."

என் காலுக்கு அது சிறியது. அதைச் சொல்லவில்லை. பெட்டியில் வைத்தது வைத்தபடி இங்கே வந்து, அலமாரிக்கு மேலே ஏறிக்கொண்டது. நாலு வருஷம் கழித்து அப்பா போன தந்தி வந்தபோது மட்டும் ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன்.

3

இங்கே வந்த ஏழாம் வருஷம், ஆஸ்பத்திரிப் பொங்கல் விருந்தில் டாக்டர் ராஜமாணிக்கத்தைச் சந்தித்தேன். பெரிய டாக்டர். இந்த நகரத்துத் தமிழர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. எங்கள் பக்கத்துக்காரர் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சரியாக அரை நிமிஷம்.

"எந்த ஊருங்க?" என்றார்.

"அரியலூர் பக்கங்க."

"பக்கம்னா?"

"ஜெயங்கொண்டம் ரோடுங்க."

"ரோட்டுலயா குடியிருந்தீங்க?"

"அரியலூர்தாங்க. ஸ்டேஷன் பக்கம்."

"அப்பா என்ன பண்றாரு?"

"ரயில்வேங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது. ரயிலேறி ஐயாயிரம் மைல் வந்தவன், ரயில் இலாகாவையே துணைக்குக் கூப்பிட்டேன்.

"அப்பிடியா! உக்காருங்க, உக்காருங்க. எங்களுக்கு உடையார்பாளையம் பக்கம். ஆறு ஏரு ஓடும் எங்க வூட்டுல. சாப்புட்டீங்களா?"

அவர் நல்ல மனிதர்தான். அவர் மனைவி சனிக்கிழமைதோறும் வீட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து மத்தியானச் சாப்பாடும் போடுவார். எட்டுப் பிள்ளைகள். என் பெண் செல்விக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் நிறத்தைச் சொல்லி ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை எங்களிடம் சொல்ல மாட்டாள், தூக்கத்தில் சொல்வாள். வீட்டில் தமிழில் கூப்பிட்டால் இங்கிலீஷில் திரும்புவாள். பஸ்ஸில் நான் தமிழ் பேசினால் வேறு யாரோ என்பதுபோல ஜன்னலைப் பார்ப்பாள். அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் மாறினாள். டாக்டர் மகள் நித்யா அவளுக்கு உயிர். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. வாரத்தில் ஆறு நாளும் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பாள்.

அந்த வீட்டுக் கதவு என் மகளுக்குத் திறந்திருந்தது, நான் ரயில்வேக்காரர் மகன் என்பதால்தான். எனக்கு அது தெரியும். நாலு வருஷம் தெரிந்துகொண்டே சனிக்கிழமை காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டேன்.

4

இரண்டு வருஷத்துக்கு முன் கோடையில் எங்கள் நகரத்தில் கறுப்புப் பையன்களும் போலீசும் கல்லெறிந்துகொண்டார்கள். நாலு கடை எரிந்தது. அதற்குப் பிறகு நகரசபைக்கு எங்கள் எல்லார் மேலும் திடீரென்று பாசம் வந்துவிட்டது. அந்தப் பாசத்தில் ஒரு பங்கு மியூசியத்துக்கும் வந்து சேர்ந்தது. "பல இன மக்களோடு உறவை வளர்ப்பது" என்று அதற்குப் பெயர். உறவை வளர்க்க ஒரு கமிட்டி, ஒரு பைல், வரும்போதெல்லாம் பிஸ்கட்.

இதற்குப் பொறுப்பாளர் ஹெலன். நல்ல பெண். பழைய பொருட்களின் தேய்மானத்தைப் படிப்பதில் கெட்டிக்காரி. ஒரு கோப்பையின் உள்கீறலைப் பார்த்து, கரண்டியைக் கலக்கியவர் இடதுகைக்காரர் என்று சொல்லிவிடுவாள். தமிழர்கள் தரப்பில் ஆலோசகர் யார் என்று தேடி, டாக்டர் ராஜமாணிக்கத்தைப் பிடித்தாள். அது சரி, ஆலோசகர் என்றால் காரில் வர வேண்டும். பிறகு ஒரு நாள், பத்து வருஷமாகத் தன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த தூணும் தமிழ்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

"சாம், நீங்களும் ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். விலை உயர்ந்ததாக வேண்டாம். உங்கள் அப்பா அம்மாவின் கையில் புழங்கியது ஏதாவது."

வீட்டுக்கு வந்து தேடினேன். புஷ்பத்தின் பித்தளைக் கூஜாவை எடுத்தேன். "எங்கம்மா குடுத்தது, கண்ணாடிப் பொட்டியில வக்கவா குடுத்தாங்க?" என்று பிடுங்கிக்கொண்டாள். மிஞ்சியது அலமாரிக்கு மேலே இருந்த செருப்பு. அப்பாவின் கையில் இதைவிட அதிகமாகப் புழங்கியது உலகத்தில் எதுவும் இல்லை.

"அதையா?" என்றாள் புஷ்பம். "டாக்டரு வர எடத்துக்கா?"

"செருப்புல தெருப்பேரா எழுதியிருக்கு? யாருக்கு என்ன தெரியப் போவுது?"

மறுநாள் ஹெலன் ஒரு பாரத்தை நீட்டினாள். இரவலாகத் தருகிறீர்களா, நிரந்தரமாகவா என்று இரண்டு கட்டங்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது நம் பக்கத்தில் எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் இத்தனை பிஸ்கட் சாப்பிட்ட பிறகு. நிரந்தரமாக என்பதில் குறி போட்டேன். ஹெலன் நெகிழ்ந்துபோய் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் என் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

5

கமிட்டி கூடியது. நீண்ட மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, எல்லார் பொருளும். டாக்டர் வீட்டு வெள்ளிக் கும்பா நடுவில் மின்னியது. ஓரத்தில் என் அப்பா.

ஹெலன் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவந்தாள். செருப்பை எடுத்தாள். அப்பாவின் செருப்பைக் கையுறை போட்டுத் தூக்கிய முதல் மனுஷி. புரட்டிப் பார்த்தாள். விளக்கடியில் கொண்டுபோனாள். திரும்பவும் புரட்டினாள்.

"விசித்திரமாக இருக்கிறதே, சாம். எத்தனை வருஷம் இருந்தது உங்கள் அப்பாவிடம்?"

"இருபத்தைந்து, முப்பது இருக்கும், மிஸ்."

"ஆனால் யாரும் இதில் நடக்கவில்லையே. அடித்தோலில் தையல் கூட அப்படியே இருக்கிறது." விரலால் வாரைத் தடவினாள். "தேய்ந்திருப்பது இங்கே. இந்தக் கட்டைவிரல் வளையமும் வாரின் உள்பக்கமும். கண்ணாடி மாதிரி வழவழப்பு. இது கால் தேய்த்தது இல்லை. இரண்டு விரல், இப்படி மாட்டி..." மாட்டிக் காட்டினாள். "உங்கள் அப்பா இதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாரா?"

அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் டாக்டரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் ஊறி, உடைந்து, டீக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், காலிலிருந்து ஆரம்பித்து.

"நான் சொல்கிறேன்" என்றார் இங்கிலீஷில், நிதானமாக. "எங்கள் பண்பாட்டில் அது ஒரு மரியாதை. பெரியவர்கள் வசிக்கும் தெருவைக் கடக்கும்போது, கோயிலுக்குள் போவதுபோல, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். யாரும் சொல்வதில்லை. தாங்களாகவே."

"எவ்வளவு அழகு!" என்றாள் ஹெலன். எழுதிக்கொண்டாள். "அப்படித்தானா, சாம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செல்வி இந்நேரம் நித்யாவோடு பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பாள் என்பது நினைவுக்கு வந்தது.

"ஆமாம் மிஸ். எங்கள் அப்பா ரொம்ப மரியாதைக்காரர். பெரம்பலூர் ரோட்டுக்குக்கூட மரியாதை கொடுப்பார்."

சிரித்தார்கள். எனக்கு அந்தத் திறமை உண்டு.

வெளியே நடையில் டாக்டர் எனக்காக நின்றார். நாலு வருஷமாக என்னை நீங்க, வாங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரயில்வேன்னு சொன்ன?"

"ஆமாங்க."

"ரயில்வேக்காரன் எவனும் செருப்பக் கையில புடிச்சிக்கிட்டுப் போவ மாட்டானே."

"ரயிலத் தவற வுட்டுட்டு ஓடறப்ப புடிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. "இந்தா பாரு, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் டாக்டரு. எல்லாரு நாடியும் புடிக்கிறவன். வூட்டுல பொம்பளைங்க இருக்காங்க, அவங்க வளந்த வெதம் அப்பிடி. அதான் யோசிக்கிறேன்." பிறகு என் தோளைத் தட்ட வந்த கை, பாதியில் தன் கோட்டுப் பொத்தானைப் போட்டது. "ஒன்ன அவ்ளோ பேரு முன்னாடி கௌரவமா சொல்லிக் காப்பாத்திருக்கேன். அத மறந்துடாத."

"ரொம்ப நன்றிங்க" என்றேன். உண்மையிலேயே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், என் முதுகு வளைந்திருப்பது தெரிந்தது.

6

அடுத்த சனிக்கிழமை செல்வி குதித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எனக்கு இன்னிக்கு ஜாலி! பேப்பர் ப்ளேட்டு, பேப்பர் கப்பு. மத்தவங்கல்லாம் எவர்சில்வர் தட்டு, சாப்புட்டுட்டு கழுவணும். நான் அப்பிடியே தூக்கிப் போட்டுட்டேன். ஆன்ட்டி, நீ ஸ்பெஷல்னு சொன்னாங்க!"

புஷ்பம் அடுப்பைத் தணித்தாள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சரியாகத்தான் பிடித்திருந்தேன். கால்பந்து முடிவுகளைக்கூடப் படித்தேன்.

செல்வி மாடிக்குப் போனதும் புஷ்பம் வந்து நின்றாள்.

"டாக்டரோட அம்மா ஊருலேந்து வந்து எங்க வார்டுல பத்து நாளு கெடந்துச்சே, அதுக்கு பெட்பேன் வச்சது யாரு? இந்தக் கைதான். அப்ப என்ன காயிதக் கையா வச்சேன்?"

"மெதுவா பேசு."

"இனிமே அவ அங்க போவ வேணாங்க."

"சரி. வேற எந்த வூட்டுக்குப் போவா? நீ சொல்லு."

அவள் யோசித்தாள். இங்கே எங்கள் தெருவில் இருபது வீடு, எல்லாம் வெள்ளைக்காரர் வீடு. ஒவ்வொரு வீடாக அவள் கண் போய்த் திரும்புவது எனக்குத் தெரிந்தது. பிறகு போய் அடுப்பைக் கூட்டினாள்.

7

கண்காட்சி திறந்தார்கள். என்னை அந்தக் கூடத்திலேயே காவலுக்குப் போட்டார்கள், எனக்குப் பெருமையாக இருக்குமென்று. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன விளக்கடியில் செருப்பு. பக்கத்தில் அட்டை: "தென்னிந்தியா. தோல். பெரியோர் வாழும் தெருக்களைக் கடக்கையில் மரியாதையின் அடையாளமாகக் கையில் ஏந்திச் செல்லப்பட்டது." ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதைப் படித்தேன். வேறு படிக்க ஒன்றும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் "எவ்வளவு பணிவான மக்கள்" என்று என்னைப் பார்த்துத் தலையசைப்பார்கள். நானும் பணிவாகத் தலையசைப்பேன்.

மூன்றாவது வாரம் ஹெலனிடம் போனேன்.

"மிஸ், அந்த அட்டை தப்பு. அது மரியாதை இல்லை. போட்டுக்கொண்டு நடந்தால் மரத்தில் கட்டி அடிப்பார்கள்."

ஹெலன் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "சாம்! உங்களை நம்பவே முடியாது!"

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் தபாலை யானைதான் கொண்டுவரும் என்று அவளுக்குச் சொன்னவன் நான். பத்து வருஷமாக அவளைச் சிரிக்கவைத்தே அந்த இடத்தில் நின்றவன். இரண்டாம் தடவை அதையே சிரிக்காமல் சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனால் குழம்பி. டாக்டர் படித்தவர், ஆலோசகர், அவர் வேறு மாதிரி சொல்கிறாரே என்றாள். நான் விஷயத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் உணர்ச்சிவசப்படலாம் என்றாள். அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். நிரந்தரம் என்று குறி போட்ட பாரத்தை எடுத்துக் காட்டினாள், வருத்தத்தோடுதான். கடைசியில் ஒரு வழி இருந்தது. அட்டையில் உள்ளதைத் திருத்த ஒரு படிவம். அதில் அந்தச் சமூகத்தின் ஆலோசகர் கையெழுத்துப் போட வேண்டும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போய், இருமல்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது.

"என்னா ஒடம்புக்கு?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லிங்க. ஒரு கையெழுத்து."

படித்தார். "அடிப்பாங்கன்னு எழுதணுமா? வெள்ளக்காரன் நம்ம நாட்டப் பத்தி என்னா நெனப்பான்? எங்க வூட்டுல யாரும் யாரையும் அடிச்சதே இல்ல, தெரியுமா?"

"அடிக்கிற அவசியம் வந்திருக்காதுங்க. நாங்கதான் கையில புடிச்சிக்கிட்டமே."

அவர் பேனாவை மூடினார். கோபமாக இல்லை, அதுதான். நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "செல்வி நல்லா எழுதறா. நித்யாவும் அவ இல்லாம இருக்க மாட்டேங்குது. எல்லாம் ஒழுங்கா போய்ட்டிருக்கு. போவட்டும்."

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். மருந்து வேண்டாமா என்று வெளியே கேட்டார்கள்.

8

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். செல்வியின் வகுப்பு. முப்பது பிள்ளைகள். டாக்டர் வந்து பேசினார். மரியாதை, பெரியவர்கள், கோயில். பேசி முடித்ததும் ஹெலன் கைதட்டினாள்: "இப்போது நாமும் அதை உணர்ந்து பார்ப்போம்! எல்லாரும் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக இந்தக் கூடத்தைச் சுற்றி வாருங்கள்."

பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே கும்மாளம். டாக்டர் மட்டும் ஷூவோடு நின்றார். முட்டி வலி, குனிய முடியாதாம். செல்விதான் வரிசைக்குத் தலை. அவள் தாத்தா செருப்பு அல்லவா? பின்னால் நித்யா. இரண்டு கையிலும் ஷூவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் காலுறையில், தலையைக் குனிந்து, மரியாதையாக, என் பெண் என்னை நோக்கி நடந்து வந்தாள்.

"செல்வி, ஷூவப் போட்டுக்க."

"என்னப்பா?"

"ஷூவப் போடு."

வரிசை நின்றது. டாக்டர் அங்கிருந்தே சொன்னார்: "சாமிக்கண்ணு, புள்ளைங்க வெளையாட்டுய்யா."

"வெளையாடட்டுங்க. மத்த புள்ளைங்க வெளையாடட்டும்."

"என்ன, சாம்?" என்றாள் ஹெலன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முப்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், எல்லாரும் கேட்கிற மாதிரி. நான், "மன்னிக்கணும் மிஸ், தரை சில்லென்று இருக்கிறது, இவளுக்குச் சளி பிடிக்கும்" என்றேன்.

செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு ஷூவைப் போட்டாள். வரிசை மறுபடி நகர்ந்தது. இருபத்தொன்பது பிள்ளைகள் காலுறையில் ஓசையில்லாமல் போக, அவள் ஷூ மட்டும் மரத்தரையில் டக்டக்கென்று கேட்டது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

9

அன்று சாயங்காலம் பஸ்ஸின் மேல்தளத்தில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் உட்கார்ந்தாள். நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா."

சொல்லிவிட்டேன். கிழக்கே இருந்த எங்கள் தெரு, நடுவில் இருந்த ஊர்த்தெரு, பெரம்பலூர் தார் ரோடு. ஐந்தாறு ஸ்டாப்புக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"தாத்தா ஏதாச்சும் தப்பு பண்ணாரா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்?"

"அவரு பொறந்த தெரு அப்பிடி."

"நித்யா தாத்தா எந்தத் தெரு?"

"அவங்க ஊரு வேற. ஊர்த்தெருதான்."

கண்ணாடியில் வழிந்த தண்ணீரை உள்பக்கமிருந்து விரலால் தொடர்ந்துகொண்டே வந்தாள். விரல் நின்றது.

"அப்ப அந்த பேப்பர் ப்ளேட்டு?"

பதினோரு வயது. கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டினேன், பிரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்கள் நாங்கள். இறங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "இனிமே சனிக்கெழம அங்க போவ வேணாம்மா" என்றேன்.

"போவேன்."

"ஏம்மா?"

"எனக்கு வேற யாருப்பா இருக்கா?"

10

சனிக்கிழமை காலையில் செல்வி எங்களுக்கு முன்னாலேயே எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். தமிழ் நோட்டைப் பையில் வைத்தாள். பிறகு சமையலறை அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் எடுத்து, துண்டில் சுற்றி அதே பையில் வைத்தாள்.

"எதுக்குடி அது?" என்றாள் புஷ்பம்.

"நம்ம தட்டுல நான் சாப்புட்டுக்கிறேன். அவங்க தட்டு அவங்களுக்கு. எனக்கும் பேப்பர் ப்ளேட்டு வேணாம். யாருக்கும் கஷ்டம் இல்ல பாரும்மா." தானே கண்டுபிடித்த வழி என்று அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

என் அம்மா பண்ணை வீட்டுக்குக் கூழ் வாங்கப் போகும்போது எங்கள் வீட்டு ஈயச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவாள். கொல்லைப்புறம் தள்ளி நின்று, இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பாள். மேலிருந்து ஊற்றுவார்கள். இதை நான் செல்வியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. புஷ்பத்திடம்கூடச் சொன்னதில்லை.

புஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு, செல்வியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் விட்டு வந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு டெலிபோன் அடித்தது. டாக்டரம்மா. குரலில் அவ்வளவு பிரியம்.

"ஏங்க, செல்வி என்னா பொறுப்பான பொண்ணுங்க! தட்ட அவளே கொண்டாந்து, தனியா ஓரமா ஒக்காந்து சாப்புட்டு, அவளே கழுவித் தொடச்சு பையில வச்சிக்கிட்டா. நான் ஒரு வார்த்த சொல்லல. நித்யாவும் இருக்குதே, ஒரு வேல தெரியாது. நல்லா வளத்திருக்கீங்க. இனிமே இப்பிடியே அனுப்புங்க, என்னா?"

"சரிங்கம்மா" என்றேன்.